இரவல் வாய்

சென்றாயனுக்கு மைக்கில் பேசினால் காது கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் கேட்காது. முப்பது வருஷத்துக்கு மேல் ரிக் வண்டியில், கம்ப்ரசருக்கு ஒட்டினாற்போல் நின்று, ஊரூராக ஆழ்துளைக் கிணறு போட்ட மனிதருக்குக் காது வேறெப்படி இருக்கும்? கோயில் குழாயில் போடுகிற பாட்டு கேட்கும். கட்சிக்காரன் ஆட்டோவில் கத்திக்கொண்டு போவது கேட்கும். சொந்த மகள் எதிரில் உட்கார்ந்து "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டால், "மழையா? இன்னைக்கு வராது சாமி" என்பார்.

மகள் சௌமியாவுக்கு இதில் சிரிப்பும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. ஏனென்றால் அப்பாவிடம் சொல்வதற்கு அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. அது கத்திச் சொல்கிற விஷயம் இல்லை. "மாத்திரை போட்டீங்களா" என்று கத்தலாம். "கரண்டு பில்லு கட்டியாச்சு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தலாம். இதை எப்படிக் கத்துவது? காது மெஷின் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அது வந்த டப்பாவை விட்டு வெளியே வராமல் பீரோவில் சுகமாகத் தூங்கியது. இருக்கிற காதும் இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான் என்று ஈரோட்டு டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதரிடம் அதை மைக்கில்தான் சொல்லியாக வேண்டும்.

விஷயம் பதினாலு வருஷத்துப் பழையது.

சௌமியா திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் படித்தாள். அங்கே வகுப்பில் வாய் திறக்காத நாலு பேர் எப்படியோ ஒன்று சேர்ந்தார்கள். சௌமியா, பூபதி, சேலத்து ஜெர்லின், ஆத்தூர்த் தீனதயாளன். நாலு பேரும் ரகசியமாகக் கவிதை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வயசில் யார்தான் எழுதவில்லை? இவர்களுக்கு அதை மேடையில் ஏறிப் பேச வேண்டும் என்று ஆசை. பாடுவது இல்லை, தாளைப் பார்த்து வாசிப்பதும் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் சொல்கிற மாதிரி, மனப்பாடமாக, நேராக முகத்தைப் பார்த்துச் சொல்வது. ஆசை இருந்த அளவுக்குத் தைரியம் இல்லை. எழுதியதெல்லாம் வீட்டு விஷயம். அப்பாவின் குடி, அம்மாவின் வாய், அக்காவின் நின்றுபோன கல்யாணம். அதைத் தன் வாயால் ஊர் முன்னால் சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்?

வழி சொன்னவள் ஜெர்லின்.

"அவங்கவங்க எழுதுனத அவங்கவங்க பேசவே வேணாம். மாத்திக்கலாம். யாரு எழுதுனதுன்னு எவனுக்கும் தெரியாது."

அப்படிப் பிறந்ததுதான் அந்தக் குழு. பேர் 'இரவல் வாய்.' ஒரே ஒரு சட்டம், எழுதியவர் பேசக்கூடாது. டிபன் பாக்ஸ் மூடியில் நாலு சீட்டைப் போட்டுக் குலுக்குவார்கள். எவர் கவிதை எவர் கைக்கு வருகிறதோ அதை அவர் தன்னுடையதாக்கிக்கொண்டு பேச வேண்டும். கேண்டீனுக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது. அதன் அடியில் சாயங்காலம் முழுக்க ஒத்திகை. நாலு டீயை ஆறாகப் பிரித்துக் குடித்தார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள், டீக்கடைக்காரருக்கும் மரத்தடி நாய்க்கும் பங்கு உண்டு. சௌமியாவின் வீட்டு வலியைத் தீனா பேசுவான். தீனாவின் ஆத்தூர் ஜவ்வரிசி மில்லு நாற்றத்தை ஜெர்லின் பேசுவாள், அவள் அந்த மில்லைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அடுத்தவர் வாயில் கேட்கும்போதுதான் நாம் எழுதியது நமக்கே புரிகிறது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். அப்படி ஒரு கண்டுபிடிப்பு அந்தக் காலேஜின் லேப்பில் நடந்ததில்லை.

மூன்றாம் வருஷக் கோடையில் நாமக்கல்லில் ஒரு கோடை விழா நடந்தது. வியாபாரிகள் சேர்ந்து நடத்துவது. ராட்டினம், அப்பளக்கடை, மாம்பழக் குவியல், ஒரு மேடை. அதில் இவர்களுக்கு இருபது நிமிஷம் கிடைத்தது. அந்த முறை குலுக்கியதில் சௌமியாவின் கவிதை பூபதிக்கு விழுந்தது. ரிக் வண்டியில் போன அப்பாவைப் பற்றியது. பூபதியின் அப்பாவும் ரிக்காரர்தான். நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு வண்டி வைத்திருந்தார். அதனால் பூபதி பேசினால் யாருக்கும் சந்தேகமே வராது என்று சௌமியாவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அன்றைக்கென்று பார்த்து ரிக் வண்டிக்கு லீவு விட்டு, சென்றாயன் ஊரில் இருந்தார். மகள் மேடையேறுகிறாள் என்று கேள்விப்பட்டு, பஸ்ஸைப் பிடித்து, வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். வந்தபோது பாதி முடிந்துவிட்டது. சௌமியா தன் பங்கைப் பேசி முடித்துப் பின்னால் போய் நின்றிருந்தாள். பூபதி நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தான். சென்றாயன் கூட்டத்தின் கடைசியில் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்று கேட்டார். மேடையிலிருந்து சௌமியா அவரைப் பார்த்துவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது அவருக்குக் காது ஓரளவு கேட்கும். பிறகு சொன்னார்.

"அந்தப் பையன் அவங்கப்பன் மேல எத்தன பாசம் வெச்சிருக்கறான் பாரு சாமி. அவங்கப்பன் கொடுத்து வெச்சவன்."

"ஆமாங்கப்பா" என்றாள் சௌமியா.

அந்த 'ஆமாங்கப்பா'தான் விஷயம். அது நான் எழுதியது, உங்களைப் பற்றியது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வயசில் அது வாயில் வராது. பாசம் மட்டும் இருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ, அதில் அவர் மேல் குறையும் இருந்தது. வண்டி லீவு இன்னும் நாலு நாள்தான், போகிற மனிதரைக் குத்தி அனுப்புவானேன் என்று மென்று முழுங்கிவிட்டாள். காலேஜ் முடிந்தது. தீனா பெங்களூரில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். ஜெர்லின் சேலத்திலேயே டீச்சரானாள். பூபதி திருச்செங்கோட்டில் ரிக் சாமான் கடை வைத்தான். சௌமியா ஈரோட்டில் துணி ஏற்றுமதி கம்பெனிக்குப் போனாள். இரவல் வாய் கலைந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. அடுத்த வாரம் கூடலாம் என்று சொல்லிப் பிரிந்த நாலு பேர் கூடவே இல்லை, அவ்வளவுதான். ஈரோட்டு ஆபீஸில் ஏசிக் காற்றுக்குக் கீழே அந்தப் புளியமரத்து நிழல் சௌமியாவுக்கு ஞாபகம் வரும். தான் நன்றாக இருந்த காலம் அது என்று அவளுக்குத் தெரியும்.

சென்றாயன் மட்டும் அந்தக் கவிதையை மறக்கவில்லை. கல்யாண வீடுகளில், டீக்கடையில், ரிக்காரர் யாராவது வாய்த்தால் போதும். "ஒரு பையன் பேசுனான் பாருங்க..." என்று ஆரம்பித்துவிடுவார். சௌமியா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பூபதியின் அப்பா செத்துப்போனார். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பூபதியின் பேரைப் பார்த்த சென்றாயன், யாரிடமும் சொல்லாமல், அந்த வீட்டைத் தேடிப் போனார். செத்தவரை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. மாலையை வைத்துவிட்டுப் பூபதியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, நீ அன்னைக்கு மேடையில பேசுனத நாங் கேட்டேன். ஒரு தகப்பனுக்கு அது போதுஞ் சாமி. உங்கப்பன் நிம்மதியாப் போயிருப்பாரு."

அன்று மாலை பூபதி வீட்டுக்குப் பின்னால் நின்று சௌமியாவுக்குப் போன் செய்தான்.

"சௌமி, எங்கப்பன் வண்டி ஊருக்கு வந்தாக்கூட ஊட்டுக்கு வராத ஆளு. உனக்கே தெரியும். உன்ற கவிதையப் பேசிப் பேசி நானே எனக்கு ஒரு அப்பன உண்டாக்கிக்கிட்டேன். ஆனா உங்கப்பா எங்கையப் புடிச்சப்ப எனக்குத் திருட்டுச் சாமான் வெச்சிருக்கற மாதிரி ஆயிப்போச்சு. நீ அவருகிட்டச் சொல்லிப்போடு."

"கத்தித்தான் சொல்லோணும் பூபதி. எப்படிச் சொல்லட்டும்?"

டாக்டர் அந்தக் கெடுவைச் சொன்ன பிறகு அவளே அவனைக் கூப்பிட்டாள். மைக்கு வேணும் என்றாள். வியாபாரிகள் சங்கத்தில் பூபதிக்கு ஆள் பழக்கம் உண்டு. இந்தக் கோடை விழாவில் கோலப்போட்டிப் பரிசளிப்புக்கும் மேஜிக் ஷோவுக்கும் நடுவே அரை மணி நேரம் வாங்கிவிட்டான்.

ஒத்திகை பூபதியின் கடையில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, பாதி ஷட்டர் இறக்கி, துளையிடும் இரும்புக் குழாய்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தீனாவுக்குத் தொப்பை விழுந்திருந்தது, கண்ணாடியும் ஏறியிருந்தது. ஜெர்லின் உள்ளே வந்ததும் டீச்சர் குரலில் எல்லோரையும் அதட்டினாள். முதல் பத்து நிமிஷம் பிள்ளைகள், சுகர், இ.எம்.ஐ. அப்புறம் ஜெர்லின் கைப்பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் மூடியை எடுத்து நடுவில் வைத்தாள். பழைய மூடி இல்லை, புதிதுதான். ஆனாலும் நாலு பேரும் நாற்காலியை அதன் பக்கம் இழுத்துப் போட்டார்கள். தீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

சீட்டு எழுதும்போது சௌமியா தன் சீட்டை மூடியில் போடவில்லை.

"அப்பா கவிதைய நானே பேசறேன்" என்றாள்.

"அது எப்படிடி? ரூல்னு இருந்தது அது ஒண்ணுதான்" என்றாள் ஜெர்லின்.

சௌமியா சொன்னாள். பஸ்ஸில் சொன்ன 'ஆமாங்கப்பா'விலிருந்து துக்க வீடு வரைக்கும் எல்லாம். கேட்டுக்கொண்டிருந்த ஜெர்லின் மூடியை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"பேசுடி. யாரு வேணாங்கறது?"

சௌமியா எழுந்து ஒரு தடவை பேசிக் காட்டினாள். பேசும்போதுதான் ஒன்று தெரிந்தது. அவள் நிறுத்துகிற இடமெல்லாம் பூபதி நிறுத்திய இடம், இழுக்கிற இடமெல்லாம் பூபதி இழுத்த இடம். தான் எழுதியது அவளுக்கே அவன் குரலில்தான் ஞாபகம் இருந்தது. முடித்தபோது பூபதி ஷட்டருக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். அவளும் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"உனக்குச் சங்கடமா இருந்தா வேண்டாம் பூபதி."

"உன்னுதுதான புள்ள. எடுத்துக்க" என்றான். அவன் முகத்தைத் திருப்பவில்லை.

விழா நாளும் வந்தது. சௌமியா அப்பாவை மத்தியானமே கிளப்பிவிட்டாள். "எதுக்கு சாமி இத்தன வெரசா?" என்று கேட்டவரிடம், போன தடவை மாதிரிப் பாதியில் வரக்கூடாது என்று கத்தி, முதல் வரிசையில், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் உட்கார வைத்தாள். அங்கே வேறு யாரும் உட்காரவில்லை. காது உள்ளவர்கள் உட்காருகிற இடம் இல்லை அது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ராட்டினத்தில் பிள்ளைகள் கத்தின. கோலப்போட்டியில் பரிசு வாங்கிய பெண்களும் பரிசு வாங்காத பெண்களும் தனித்தனிக் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சென்றாயன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நாலு பேரும் மேடையேறினார்கள். தீனா மைக்கைப் பிடித்தான். இரவல் வாய் எந்த மேடையில் ஏறினாலும் தொடக்க வார்த்தை அவனுடையது. பழைய நாளில் காய்ச்சலில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"வணக்கம். நாங்கள் இரவல் வாய். இங்கே எழுதியவர் பேசமாட்டார், பேசுகிறவர் எழுதவில்லை. எவர் வீட்டுக் கதை இது என்று எங்கள் முகத்தில் தேடாதீர்கள்."

கைதட்டினார்கள். தீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினாலு வருஷம் கழித்தும் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டோமே என்ற பூரிப்பு. மற்ற மூவருக்கும் அதே பூரிப்புதான். இன்றைக்கு ஒருத்தி தன்னுடையதைப் பேசப் போகிறாள், அந்த வார்த்தையை இன்றைக்குச் சொல்லக்கூடாது என்பது நாலு மண்டையில் ஒரு மண்டைக்கும் எட்டவில்லை. சௌமியாவுக்கே எட்டவில்லை. அவள் தன் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஜெர்லின் தீனாவுடையதைப் பேசினாள். பூபதி ஜெர்லினுடையதைப் பேசினான். தீனா நடுவில் ரெண்டு வரியை விட்டுவிட்டு, பெங்களூர்க்காரன் சமாளிப்போடு தாண்டிப் போனான். கடைசியில் சௌமியா முன்னால் வந்தாள். எதிரே அப்பா. அவள் அவரைத் தவிர யாரையும் பார்க்கவில்லை.

"எங்கப்பன் நெலத்தத் தொளைக்கப் போனாரு.
ராய்ச்சூர்ல முந்நூறு அடி. தண்ணி.
நாந்தேட்ல எண்ணூறு அடி. புழுதி.
எங்கூட்டுக் கொழாயில தண்ணி வரலீன்னு
எங்கம்மா கொடந் தூக்கிட்டுப் போறா.

எத்தனாவது அடியில கல்லு வரும்னு
எங்கப்பனுக்குத் தெரியும்.
நான் எத்தனாவது படிக்கறேன்னு தெரியாது.
அஞ்சா சாமி, ஆறாம்பாரு.
நான் ஏழு.

எனக்குக் காய்ச்ச வந்துச்சு.
அப்பனுக்குச் சொல்லாத, பொழப்ப உட்டுட்டு வந்துருவாருன்னு
அம்மா சொன்னா.
பக்கத்தூட்டுப் போன்ல கேட்டாரு, நல்லாருக்கறயா?
நல்லாருக்கறேன்னேன்.
போனு சுட்டுச்சு.
அது எங்காதோட சூடுன்னு
அந்தக் கடைசியில நின்னவருக்கு
யாரு சொல்றது?

தீபாவளிக்கு வந்தாரு. புதுத்துணி கொண்டாந்தாரு.
போன வருசத்து அளவு.
மூச்ச இழுத்துப் புடிச்சுப் போட்டுக்கிட்டேன்.
சரியா இருக்குதான்னு கேட்டாரு.
இருக்குதுன்னேன்.
அவரு ஊருல இருந்த பத்து நாளும்
நான் மூச்சே உடல."

இந்தத் தடவை பூபதியின் குரல் அவள் தொண்டைக்கு வரவில்லை. காய்ச்சல் வரியில் அவளாகவே நின்றாள், அவன் அங்கே நின்றதே இல்லை. துணி வரியில் அவன் குரலை ஏற்றுவான், அவள் இறக்கினாள். முடித்தபோது மைதானத்தில் ராட்டினச் சத்தம் மட்டும் கேட்டது. கூட்டத்தில் பாதிக்கு மேல் ரிக் வீட்டு ஆட்கள், லாரி வீட்டு ஆட்கள். சென்றாயன் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று சௌமியா நினைத்தாள். அந்த நினைப்பு தந்த சந்தோஷத்தை அவள் வாழ்க்கையில் வேறு எதுவும் தந்ததில்லை. பின்னால் நின்ற பூபதி அவள் முதுகில் மெல்லத் தட்டினான்.

மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு அப்பாவும் மகளும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். விளக்குப் போடுகிற நேரம். பேச என்ன இருக்கிறது, எல்லாம் பேசியாயிற்று என்று அவள் நிறைந்த மனசோடு நடந்தாள். திருச்செங்கோட்டு வண்டி நிற்கிற இடத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்தான் ஆரம்பித்தார். காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தத்தில், ரெண்டு பிளாட்பாரம் தள்ளிக் கேட்கிற மாதிரி.

"நல்லாப் பேசுன சாமி. அந்தப் பூபதியவிட ஒரு படி மேலயே பேசுன."

அவள் சிரித்தாள்.

"அடுத்தவன் ஊட்டு வலிய உன்ற வலியாட்டம் பேசுனயே, அதுதான் பெருசு. பேசறவங்க எழுதலீன்னு அந்தக் கண்ணாடித் தம்பி மொதல்லயே சொல்லிப்போட்டாப்ல. இல்லாட்டி நாங்கூட ஏமாந்திருப்பேன்." அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "நீ என்னையவே பாத்துப் பேசுனயா, ஒரு நிமிசம் நம்ம கததானோன்னு நெனச்சுப்போட்டேன்."

சௌமியாவின் சிரிப்பு நின்றது. தீனாவின் அந்தத் தொடக்க வார்த்தை ஒவ்வொரு எழுத்தாக இப்போதுதான் காதில் வந்து விழுந்தது. அன்றைக்குப் பூபதி பேசியதால் அது பூபதியுடையது. இன்றைக்கு இவள் பேசியதால் அது இவளுடையது இல்லை. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று உதைக்கும் என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதர் தனக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்கும் என்று நம்பத் தயாராக இல்லை. ஒரு நிமிஷம் நம்பியதற்கே வெட்கப்பட்டார். தன்னுடையதைத் தன் வாயால் பேசினால் போதும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். பேசியும் அது இரவலாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இங்கே மைக்கு இல்லை. கரூர் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது, கண்டக்டர் "பரமத்தி, வேலூர்" என்று கூவிக்கொண்டிருந்தார், கடலைக்காரர் சட்டியைத் தட்டினார். இங்கே விட்டால் பஸ்ஸில் முடியாது, வீட்டில் முடியாது, அப்புறம் காது இருக்காது.

"அப்பா, அது நாந்தாங்கப்பா எழுதுனது."

"ம்? வண்டி வந்துருச்சா?"

"அந்தக் கவித. பூபதி எழுதல. நாந்தான் எழுதுனேன்."

அவர் சிரித்த முகத்தோடு காதருகே கையைக் குவித்தார். அவள் எழுந்து அவருக்கு எதிரில் நின்றாள். பிறகு, ஈரோட்டு ஆபீஸில் யாரிடமும் சத்தமாகப் பேசாத சௌமியா, நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அடித்தொண்டையில் கத்தினாள்.

"பூபதி இல்லீங்கப்பா. நான் எழுதுனது. உங்களப் பத்தி எழுதுனது. அன்னைக்கே நாந்தான். உங்களத்தான்."

கடலைக்காரரின் கை நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர்கூடப் பாதி வேலூரில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அவளுக்கு வெட்கம் வரவில்லை. கத்திச் சொல்லக்கூடாத விஷயம் என்று இத்தனை காலம் வைத்திருந்ததைக் கத்தியாயிற்று, அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

அவர் காதருகே குவித்த கையை இறக்கினார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அவர் குரல் அவ்வளவு சன்னமாக அவள் கேட்டதே இல்லை.

"கொடந் தூக்கிட்டுப் போனது நம்ம பொன்னாயியா?"

அவள் தலையாட்டினாள். அம்மாதான்.

"எத்தனாவதுன்னு தெரியாமக் கேட்டது நானா?"

"ஆமாங்கப்பா."

"அந்தத் துணி பத்தலியா உனக்கு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். திருச்செங்கோட்டு வண்டி வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். சென்றாயன் எழுந்தார். பஸ்ஸுக்குத்தான் எழுந்தார் என்று அவள் நினைத்தாள்.

"அப்ப அந்தக் காய்ச்ச" என்றார். மேலே அவரால் கேட்க முடியவில்லை. கையைத் தூக்கி, புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

"இப்ப இல்லீங்கப்பா" என்றாள். அது அவருக்குக் கேட்டிருக்காது. வண்டி கிளம்பிப் போனது. அவர் கையை எடுக்கவில்லை.